ஏணியைத் தொட்ட கை

மரண விசாரணைக்குச் சாட்சியாகப் போனபோது, அங்கே ஒரு குற்றவாளி இருப்பான் என்று நினைத்தேன். குற்றவாளிக்கு இருக்கையே இல்லை. ஐந்து ஜூரிமார். அவர்கள் கண்டுசொல்லவேண்டியது: இறந்தது யார், எப்போது, எங்கே, எதனால், எவ்விதம். அவ்வளவுதான். யாரில் பிழை என்று சொல்லக்கூடாதாம். பிழையைத் தள்ளிவைத்துவிட்டு ஒரு சாவைப் பார்க்கிற அறை. எனக்கு அது புதுசு.

வெக்ஸ்போர்ட்டில் ஒரு பழைய மாடிக் கட்டடத்தைத் திருத்திக்கொண்டிருந்தார்கள். எதிரே நான் பஸ்ஸுக்கு நின்றேன். ஒருவர் ஏணியில் ஏறினார், சாரத்தில் கால் வைத்தார், விழுந்தார். அவ்வளவு கெதியாக.

அவருடைய மனைவி விசாரணை அறைக்கு வெளியே நீள வாங்கில் இருந்தார்.

"நீங்கள்தானே அண்ணை பாத்தது?"

"ஓம் தங்கச்சி."

"அண்டைக்குக் காலமை தலையிடி எண்டவர். வீட்டில நிண்டா ரீவிதான் பாப்பியள், போங்கோ எண்டு குளிசையைக் குடுத்து நான்தான் அனுப்பினனான். தலைச்சுத்தோடயோ ஏறினவர்?"

அதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

முதலில் இறந்தவரோடு வேலை செய்த வேற்று நாட்டுக்காரர் ஒருவர். ஏறுமுன் அவர் குனிந்ததையும் கையால் கண்ணை மூடியதையும் சொன்னார். "தலைசுற்றலா?" என்று கட்டடக் கொம்பனியின் லோயர் கேட்டார். "இருக்கலாம்." அந்தச் சொல் அறைக்குள் சுற்றிச்சுற்றி வந்தது. அந்தப் பெண் நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு நான்.

"மூடவில்லை," என்றேன். "தொட்டார்."

"என்ன வித்தியாசம்?" என்றார் லோயர்.

பார்த்ததைச் சொன்னேன்: ஏறுமுன் வலக்கை உறையைக் கழற்றிக் கமக்கட்டில் செருகினார். ஏணியின் கீழ்ப்படியைத் தொட்டார். அந்த விரல்களை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். எங்கள் ஆட்கள் காலமை கடை திறந்தால், கார் எடுத்தால் செய்கிறதுதான்.

"பிரார்த்தனையா?"

"அவ்வளவு பெரிசில்லை."

செய்து காட்டச் சொன்னார் விசாரணை அதிகாரி. சாட்சிக் கூண்டின் விளிம்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினேன். அதை அவர் ஒவ்வொரு அசைவாக ஆங்கிலத்தில் சொல்லிப் பதியவைத்தார். என் கை எனக்கே விநோதமாகத் தெரிந்தது, முதல் தடவையாகப் பார்ப்பதுபோல.

ஜூரியில் ஒரு வயதான பெண் கேட்டார்: "கையுறையைத் திரும்பப் போட்டாரா?"

"போட்டார். இழுத்து, இறுக்கி."

மேலே போனபிறகு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது என்பதையும் சொன்னேன்.

இடைவேளைக்கு வெளியே வந்தோம். இறந்தவரின் மனைவி என்னை விடவில்லை.

"சாமியறைப் பக்கமே வராத மனிசன் அண்ணை. கோயிலுக்கு ஏத்திக்கொண்டு வந்தாலும் காருக்குள்ள இருந்து போன் பாப்பார். உண்மையாத் தொட்டவரோ?"

"ஓம்."

"ரண்டு கண்ணிலயும்?"

"ஓம்."

"கள்ளன்," என்றார். சிரிப்புப் போல ஒன்று வந்து நின்றுவிட்டது. பிறகு எழுந்து, கோப்பி மெஷினடியில் நின்ற அந்த வேலைத்தோழரிடம் நேரே போனார். தன் விரல்களைக் கண்ணில் ஒற்றிக் காட்டினார். "எவ்ரி டே? யூ சீ, எவ்ரி டே?"

அந்த மனிதர் யோசித்தார். "எவ்ரி மோர்னிங்," என்றார் மெதுவாக. நித்திரைக் கலக்கத்தில் கண் கசக்குகிறார் என்று நினைத்திருந்தாராம். மற்ற நாட்களைப் பற்றி உள்ளே ஒருவரும் அவரைக் கேட்கவில்லை.

அவருடைய சட்டைக் கையைப் பிடித்தபடியே அந்தப் பெண் என் பக்கம் திரும்பினார்.

"அண்ணை, இதை இப்ப ஆரிட்டச் சொல்லவேணும்?"