பீக்கன் மரத்துக்கு மேலே பன்னிரண்டு அடி

புயலன்று என் மகள் ஒன்றரை மைல் தள்ளி, அவளுடைய தோழி வீட்டில் இருந்தாள். ஹூஸ்டனுக்குத் தெற்கே, பேர்லேண்டில், ஒன்றரை மைல் என்பது காரில் ஐந்து நிமிடம். சாலையில் தண்ணீர் நின்றது. மின்சாரம் போனது, கொஞ்ச நேரத்தில் செல்போன் கோபுரமும் செத்தது. ஒன்றரை நாள் அவளிடமிருந்து ஒரு சொல் வரவில்லை. அவள் அங்கே நன்றாகச் சாப்பிட்டுச் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தாள். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இன்றும் மழை கனத்தால் என் கை போனைத் தேடுகிறது.

இனி ஒருமுறை அப்படி உட்கார மாட்டேன் என்று முடிவு செய்தேன்.

நான் படித்தது எலெக்ட்ரானிக்ஸ். மைக்ரோவேவ் பாடத்தில் நல்ல மதிப்பெண். வேலை பார்ப்பது வேறெதிலோ. ஜனவரியில் இரண்டு சிறு டிஷ் வாங்கி, ஒன்றை எங்கள் கூரையிலும் மற்றதைத் தோழி வீட்டுக் கூரையிலும் வைத்து, இரண்டுக்கும் பேட்டரி கொடுத்தேன். கோபுரம் வேண்டாம், கேபிள் வேண்டாம். போனை வைஃபையில் போட்டால் வீட்டுக்கு வீடு நேராகப் பேசலாம். தோழியின் அம்மா, காயல்பட்டினத்து அக்கா, கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

“புள்ளைய ஒரு ராத்திரி எங்க வீட்ல விட்டதுக்கு இவ்ளோ பெரிய தண்டனையாம்மா?” என்று சிரித்தார்.

ஏப்ரலில் இணைப்பு தேய்ந்தது. மழை பெய்த மறுநாள் சுத்தமாக அறுந்தது. டிஷ்ஷிலிருந்து வீட்டுக்குள் இறங்கும் கேபிளை மாற்றினேன். பைனாகுலரில் பார்த்தேன், நடுவழியில் நின்ற பீக்கன் என்ற உயரமான கொட்டைமரத்தின் உச்சிக்கு இரண்டடி மேலே அவர்கள் டிஷ் பளிச்சென்று தெரிந்தது.

“கண்ணுக்குத் தெரியுதே, அப்புறம் என்ன?” என்றார் கணவர்.

அதுதான் என் தப்பு. கண்ணுக்குத் தெரிந்தால் போதும் என்று நானும் நினைத்திருந்தேன். டிஷ் அனுப்பும் மைக்ரோவேவ் அலை நூல் பிடித்தாற்போல் போவதில்லை. இரு முனையிலும் ஒடுங்கி, நடுவில் வெள்ளரிக்காய் போலப் பருத்துப் போகிறது. எங்கள் தூரத்துக்கு அந்த வயிறு நடுக்கோட்டிலிருந்து சுற்றிலும் பதினெட்டு அடி. அதில் பாதிக்குமேல், பதினோரு அடியாவது, தடையில்லாமல் இருக்க வேண்டும். ஜனவரியில் மரம் மொட்டையாக இருந்ததால் குச்சிகளுக்கிடையே அலை நழுவிப் போயிருக்கிறது. இலை வந்ததும், இலையிலிருந்த ஈரம் அதைக் குடித்துவிட்டது. இந்தச் சூத்திரத்தைத் தேர்வில் படத்தோடு வரைந்தவள் நான். படத்தில் மரம் இருந்தது, இலை இல்லை.

இரு கூரையிலும் பத்தடிக் கம்பம் நட்டு டிஷ்ஷை உயர்த்தினேன்; இப்போது மரத்துக்கு மேலே பன்னிரண்டு அடி. அடுத்த வாரமே குடியிருப்போர் சங்கத்திலிருந்து கடிதம்: தெருவின் அழகு கெடுகிறது, அகற்றவும்.

“விடும்மா, எதுக்கு வம்பு? கழட்டிடலாம்,” என்றார் கணவர்.

“அம்மா, இட்ஸ் சோ எம்பாரஸிங்,” என்றாள் மகள். “ஐ வாஸ் ஃபைன்!”

“நீ ஃபைன். நான் இல்ல.”

பதில் எழுதினேன். ஒரு மீட்டருக்குக் குறைந்த டிஷ்ஷை என் கூரையில் வைக்க மத்திய அரசின் விதி இடம் தருகிறது. விதியின் நகல் இணைப்பில். கம்பத்தைக் கழற்ற மாட்டேன். வருந்துகிறேன் என்று தொடங்கியிருந்தேன். அதை அடித்துவிட்டு அனுப்பினேன்.

சனிக்கிழமை காலை மகளை அக்கா வீட்டுக்கு அனுப்பினேன். இரண்டு வீட்டிலும் மெயின் சுவிட்சை அணைத்தோம். போன்களில் செல் சிக்னலை நிறுத்தினோம். புயல் நாளின் அதே மௌனம். பேட்டரியில் ஓடும் டிஷ் மட்டும் மிச்சம். போன் அடித்தது.

“அம்மா? கேன் யூ ஹியர் மீ?”

“கேக்குது. பேசு.”

“லைக், வாட்?”

“எதையாவது பேசு. வைக்காத.”

“ஓகே... ஆன்ட்டி இஸ் மேக்கிங் இடியாப்பம். ஷி சேஸ் யூ ஆர் கிரேஸி.”

பின்னால் அக்கா கத்தினார்: “அப்படிச் சொல்லலம்மா, கொஞ்சம் கிரேஸின்னுதான் சொன்னேன்!”

போனைக் காதில் வைத்தபடி வாசலுக்கு வந்தேன். சங்கத்தின் கார் ஒன்று மெதுவாக வந்து எதிரே நின்றது. உள்ளே இருந்தவர் கண்ணாடியை இறக்கி என் கம்பத்தைப் படம் பிடித்தார். நான் நகரவில்லை. படத்தில் நானும் விழட்டும் என்று கம்பத்துக்கு நேர் கீழே போய் நின்றுகொண்டு, மகளிடம் இன்னும் பேசச் சொன்னேன்.