சாலமன் ஓட்டாத வண்டி

மகளின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். ஆசிரியை காட்டிய வெள்ளை நாற்காலியில் உட்கார்ந்து, கணக்குப் பரீட்சையை நானே எழுதித் தோற்றவன் போலத் தலைகுனிந்து கேட்டுவிட்டு எழுந்தேன். நாற்காலியில் என் பின்பக்கம் முழுதாக கிரீஸில் பதிந்திருந்தது. மகள் என்னைத் தெரியாதவள் மாதிரி ஜன்னலைப் பார்த்தாள். கைக்குட்டையால் தேய்க்கத் தேய்க்க அது பெரிதாகிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. சாலமனின் மனைவி ஸ்டெல்லா.

"அண்ணா, அவரு நம்மள விட்டுட்டுப் போயிட்டாருண்ணா."

அந்த கிரீஸ் அவன் வண்டியுடையது. காலையில் செயினைத் துடைத்துவிட்டு அதே பேன்ட்டோடு கிளம்பியிருந்தேன்.

சாலமனை உங்களுக்குத் தெரியும். மாமல்லபுரம் கடற்கரை விடுதியின் பம்ப் ரூமில் பதினோரு வருடம் நம்மோடு இருந்தவன். "ஒழுகற எடத்தத் தொடைக்காதீங்கடா, எங்கேர்ந்து வர்துன்னு பாருங்கடா" என்று நம் எல்லோர் மீதும் எரிந்து விழுந்தவன். பத்தாவதோடு நின்றுபோன எனக்கு அஞ்சலி எழுத வராது. ஆனால் அந்த வண்டியைப் பற்றி உங்களுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. அதை நான்தான் எழுத வேண்டும்.

பொத்தேரியில் படிப்பை முடித்துப் போன ஒரு பையனிடம் வாங்கியது. தார்ச்சாலையிலும் மண்ணிலும் ஓடுகிற உயரமான வண்டி. படாளத்தில் சாலமன் குடியிருந்தது மாடி வீடு, கீழே நிறுத்த இடமில்லை. அதனால் செங்கல்பட்டில் என் வீட்டுப் பக்கத்துச் சந்தில், தகரத்துக்குக் கீழே நின்றது. ஞாயிறுதோறும் பஸ்ஸில் வந்து அதைப் பிரிப்பான். முதல் நாள் நான் ஏறிப் பார்த்தேன். ஒரு கால்தான் தரைக்கு எட்டியது; வண்டி சாய்ந்ததோ இன்னொரு பக்கம். கறிவேப்பிலைச் செடி மேல் நானும் வண்டியும் விழுந்தோம். "மச்சான், உனக்கு ஒரு ஏணி வாங்கியாரட்டா?" என்று கேட்டான்.

செய்யூர் வழியாகப் போய், சவுக்குத் தோப்பு மணலில் ஓட்டி, கடல் தெரிந்ததும் நிறுத்த வேண்டும். அவன் ஆசை அவ்வளவுதான். தினமும் பார்க்கிற கடல்தானேடா என்றேன். "அது பம்புக்காகப் போறது. இது எனக்காகப் போறது."

அதற்குள் நுரையீரல் முந்திக்கொண்டது. டாக்டர் சொன்னது ஸ்டெல்லாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். மூன்று பேரும் வண்டியைப் பற்றியே பேசினோம்.

முன் சக்கரத்தைத் தாங்குகிற ஃபோர்க் குழாயிலிருந்து எண்ணெய் ஒழுகிக்கொண்டிருந்தது. குழாயின் வாயில் எண்ணெயைப் பிடித்துவைக்கும் ரப்பர் வளையத்துக்கு சீல் என்று பெயர். அதன் உதட்டில் மணல் சிக்கினால், மெல்லிய பிளாஸ்டிக் துண்டை உள்ளே விட்டுச் சுற்றி எடுக்கலாம். ஒரு ஞாயிறு சாலமன் பையிலிருந்து தன் நெஞ்சு எக்ஸ்ரேயை எடுத்தான். கத்தரிக்கோல் கேட்டான்.

"டேய், இன்னாடா பண்ற? டாக்டர் கேப்பாருடா."

"அவரு பாக்க வேண்டியத பாத்துட்டாரு மச்சான். இதாச்சும் உருப்படியா ஒரு வேல செய்யட்டும்."

தன் விலா எலும்பை நீளவாக்கில் வெட்டி, உள்ளே விட்டுச் சுற்றினான். மணல் வந்தது. ஒழுக்கு நிற்கவில்லை. நடுவில் மூச்சு வாங்க இரண்டு முறை உட்கார்ந்தான். நான் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புது சீல் வரவழைத்தோம். "இந்தத் தபா நீ போடு, எனக்குத் தம் இல்ல" என்றான். பம்ப் ரூமிலிருந்து அளவாக ஒரு பிவிசி பைப் துண்டு கொண்டுவந்து, அதை வைத்துத் தட்டி இறக்கினேன். பெருமையாக அவனைப் பார்த்தேன். ஸ்பிரிங் உள்ள பக்கம் எண்ணெயைப் பார்த்துக் கீழே இருக்க வேண்டும். என் கையில் அது வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. நெம்பி எடுத்தால் சீல் கிழியும், கிழிந்தது. சாலமன் இருமிக்கொண்டே சிரித்தான். "பதினோரு வருசமா பம்புக்கு சீல் மாத்தறவன்டா நீ! விடுதில தண்ணி எப்டிடா வந்துச்சி?"

மறுபடி சொல்லி அனுப்பினோம். வர ஐந்து வாரம் ஆனது. அன்று நான் சரியாகப் போட்டிருந்தால், அடுத்த ஞாயிறு அவன் ஓட்டியிருப்பான். அந்த ஞாயிறு அவனுக்கு ஓட்டுகிற தெம்பு இருந்தது. ஐந்தாம் வாரம் மாடிப்படி இறங்கும் தெம்பே இல்லை.

அவனிடமிருந்து எனக்குத் தங்கியது ஒரு பழக்கம். கழற்றுகிற நட்டுகளை, கழற்றின வரிசையிலேயே இட்லித்தட்டுக் குழிகளில் வைப்பது. "பின்னாடி வந்தது முன்னாடி போவணும், தட்டு மறக்காது" என்பான். வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டே வைக்கிறேன். வண்டியும் என் சந்தில்தான் நிற்கிறது.

கடைசியாக அவனைப் பார்த்தது ஒரு சாயங்காலம். சீல் வந்து, மாட்டி, ஒரு சொட்டும் ஒழுகவில்லை. அவனுக்குக் காட்ட, கால் எட்டாத நான் ஜி.எஸ்.டி. ரோட்டில் படாளம் வரை அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு போனேன். ஒரு சிக்னலில் பஸ்ஸைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சத்தம் கேட்டு ஸ்டெல்லா படியிறங்கி வந்தாள்.

"அண்ணா, வண்டி ரெடின்னு மட்டும் சொல்லாதீங்க. கேட்டா எறங்கி வந்துடுவாரு. வந்தா திரும்ப மேல ஏத்த முடியாதுண்ணா."

அவளைக் குறை சொல்ல மாட்டேன். அவள் தூக்கிப் பார்த்தவள்.

மேலே போனேன். மூக்கில் குழாயோடு படுத்திருந்தான். "கீழ இன்னாடா சத்தம்? நம்ம வண்டி மாரியே கீது."

"பால்காரன் வண்டிடா."

"சீல் வந்துச்சா?"

"இன்னும் வரல."

கொஞ்ச நேரம் மூச்சைச் சேர்த்தான். "வந்தா சொல்லு. ஓட்ட முடியாது, தெரியும். பின்னால குந்திகினு வரேன். நீ ஓட்டு."

"எனக்குக் கால் எட்டாதேடா."

"மணல்லதான மச்சான் வுழப்போறோம்."

சிரித்தேன். அவன் போர்வையை இழுத்துவிட்டேன். ஸ்டெல்லா கதவருகே நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வண்டி கீழதான்டா நிக்குது, எந்திரி, போலாம் என்று நான் சொல்லவில்லை.