பாதாள ரயிலுக்கு ஒரு மூட்டை உப்பு

எலெக்ட்ரிகல் இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம் முடிந்த கோடை விடுமுறையில், சென்னையில் மெட்ரோ சுரங்கம் தோண்டுகிற இடம் ஒன்றில் எனக்கு இன்டர்ன்ஷிப் கிடைத்தது. மரக்காணத்தில் அப்பா, அம்மா இருவருக்கும் உப்பளத்தில் கூலி வேலை. கண்ணுக்கு எட்டிய வரை தட்டையான ஊர். ஏறவும் இடம் கிடையாது, இறங்கவும் இடம் கிடையாது. அப்படிப்பட்ட ஊரில் பிறந்தவளுக்கு ஹெல்மெட் மாட்டி, இரும்புப் படிகளில் சுற்றிச் சுற்றிப் பூமிக்கு அடியில் இறக்கினார்கள். முதல் நாள் பாதி வழியில் பயந்துபோய்ப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பின்னால் வந்தவர்கள் நான் சுவரில் ஓடும் கேபிளைப் பரிசோதிக்கிறேன் என்று நினைத்து மரியாதையாகக் காத்திருந்தார்கள். வேறு வழியில்லாமல் நானும் அந்தக் கேபிளைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தேன்.

கீழே எனக்குப் பெரிய வேலை ஒன்றுமில்லை. சுரங்கத்துக்குள் காற்றைத் தள்ளும் ஃபேன், ஊறி வரும் தண்ணீரை இறைக்கும் பம்ப் இவற்றின் பேனல்களை ஃபோர்மேன் சோதிக்கும்போது டார்ச் பிடிக்க வேண்டும். ஃபோர்மேன் முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டு ஜோக் அடிப்பவர். அவர் சொன்னது ஜோக் என்று எனக்கு உறைப்பதற்குள் ஷிஃப்ட் முடிந்துவிடும்.

ஒரு வெள்ளிக்கிழமை, நாங்கள் இறங்கும் குழியின் வாய்ப் பக்கம் புதிதாக வைத்த பேனலுக்கு எர்த் போட்டார்கள். கரண்ட் கசிந்தால் ஆளை அடிக்காமல் மண்ணுக்குள் போய்விடுவதற்காகக் கம்பியை ஆழமாகப் புதைக்கிற வேலை. மீட்டர் வைத்து அளந்தால் கணக்கு தேறவில்லை. வெயிலில் மண் அவ்வளவு காய்ந்து கிடந்தது.

"அந்தக் காலத்துல உப்பும் கரியும் கொட்டி மூடுவோம்" என்றார் ஃபோர்மேன். "ஏம்மா, நீ மரக்காணம்தானே? ஊருக்குப் போனா ஒரு மூட்டை எடுத்துக்கினு வந்துடு."

"சரிங்க சார்" என்றேன். இரண்டு மாதமாக டார்ச் பிடித்தவளிடம் முதல்முறையாக ஒரு பொறுப்பு ஒப்படைக்கப்பட்டிருந்தது.

சனிக்கிழமை வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன்.

"எதுக்குடி அவ்வளோ உப்பு?"

"கரண்டு மண்ணுக்குள்ள நல்லா எறங்கறதுக்கும்மா."

இதைத்தான் சொன்னேன். மறுநாள் காலை அளத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது அது வேறு உருவம் எடுத்திருந்தது. "பாதாள ரயிலு உப்புலதான் ஓடுதாமே?" என்று கேட்டுக்கொண்டே வந்தார் மேஸ்திரி. இல்லை என்று விளக்க ஆரம்பித்தேன். எர்த், வோல்டேஜ் என்றெல்லாம் சொல்லச் சொல்ல அவருக்கு நம்பிக்கை கூடிக்கொண்டே போனது. இருக்கிறதிலேயே வெள்ளையான குவியலைக் காட்டி, "இதுல அள்ளு. நம்ம ஊரு பேரு கெடக்கூடாது" என்று அப்பாவுக்கு உத்தரவு போட்டார். மூட்டையோடு எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டோம். மூட்டை நடுவில் நின்றது. நான் ஓரத்தில்.

திங்கட்கிழமை காலை பஸ்ஸில் கண்டக்டர் மூட்டையைக் காலால் தட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது?"

"உப்புண்ணே."

"மெட்ராஸ்ல உப்பு கெடைக்கலியா?"

"இது ரயிலுக்குண்ணே."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ரயிலுக்குன்னா ரயில்ல ஏத்த வேண்டியதுதானே?" என்று சொல்லி மூட்டைக்கும் ஒரு டிக்கெட் கிழித்தார். இடம் கிடைக்காத ஒரு பெரியவர் திருவான்மியூர் வரை அதன்மேல் உட்கார்ந்து தூங்கியபடியே வந்தார். அவர் எழுந்து போன பிறகுதான் வேட்டியின் பின்பக்கம் உப்பு நீர் வட்டமாக ஊறியிருந்ததைப் பார்த்தேன். கூப்பிட்டுச் சொல்லத் தைரியம் வரவில்லை.

சைட் கேட்டில் வடநாட்டு செக்யூரிட்டி தடுத்தார். இந்தியில் ஏதோ கேட்டார். மூட்டையின் வாயைப் பிரித்துக் காட்டினேன். ஒரு கல்லை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"நமக்?"

"ஆமாண்ணா, நமக்குத்தான்."

"நமக்!"

"நமக்கேதான்."

இருவருக்கும் திருப்தி. நோட்டில் பதிந்துகொண்டு கேட்டைத் திறந்துவிட்டார். இந்தியில் உப்புக்குத்தான் நமக் என்று பெயர் என்பது எனக்கு மத்தியானம்தான் தெரிந்தது.

மேனேஜர் மூட்டையைப் பார்த்துவிட்டு, "யாரும்மா இதைக் கேட்டா?" என்றார். நான் ஃபோர்மேனைப் பார்த்தேன். ஃபோர்மேன் வானத்தைப் பார்த்தார்.

"உப்பு போட்டா கம்பியை அரிச்சிடும்மா. இப்பெல்லாம் அதுக்குன்னே ஒரு பவுடர் வருது. ஆர்டர் போட்டாச்சு. இதை வெளிய கொண்டுபோய்டு."

கொண்டுபோனேன். கேட்டில் செக்யூரிட்டி கையை விரித்தார். உள்ளே வந்த பொருள் வெளியே போக மேனேஜர் கையெழுத்து வேண்டும். மேனேஜரோ, தான் வாங்காத பொருளுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். உள்ளே இருக்கவும் கூடாது, வெளியே போகவும் முடியாது என்ற நிலையில் நானும் மூட்டையும் வெயிலில் நின்றோம். கேன்டீன் மாஸ்டருக்குத்தான் மனசு இளகியது. "இங்க தள்ளும்மா, சாம்பாருக்காவது ஆகட்டும்" என்றார்.

அவருக்குப் பழக்கம் தூள் உப்பு. கல்லுப்பைக் கைநிறைய அள்ளிப் போட்டு, உடனே ருசி பார்த்திருக்கிறார். கரையாததால் கரிக்கவில்லை. இன்னொரு கை போட்டார். பிறகு இன்னொன்று. பந்தி நேரத்தில் எல்லாம் சேர்ந்து கரைந்தது. அன்று மத்தியானம் தண்ணீர் கேன்களுக்கு முன்னால் நின்ற வரிசை குழியின் வாய் வரைக்கும் நீண்டது. மேனேஜரும் அதில் நின்றார்.

"இந்த சாம்பாரை அந்த எர்த் குழியில ஊத்தியிருந்தாலே ரீடிங் வந்திருக்கும்" என்றார் மேனேஜர். ஃபோர்மேன் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

அந்த வாரமே பவுடர் வந்தது. போட்டு, தண்ணீர் ஊற்றி மூடிய பிறகு, மீட்டரை என் கையில் கொடுத்து அளக்கச் சொன்னார்கள். ரீடிங் சரியாக இருந்தது. டார்ச்சை வேறு ஒருவர் பிடித்தார்.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது அம்மாவிடம் நடந்ததைச் சொல்லிவிட்டேன். அம்மா அடுப்படியில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும் வரை சிரித்தாள். "அத்தினி பேரும் சாப்ட்டாங்களா? பாவம்டி" என்றாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "உங்கப்பாகிட்ட மட்டும் இப்ப சொல்லாத. அளத்துல அவருக்கு இப்ப தனி மரியாதை. டீ வாங்கித் தர்றாங்க" என்றாள்.

திங்கட்கிழமை விடியலில் பஸ் ஸ்டாப்புக்குப் போனேன். அப்பா எனக்கு முன்னாலேயே வந்து நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் இரண்டு மூட்டை.

"மேஸ்திரி குடுத்தாரும்மா" என்றார். "அடுத்த ஸ்டேஷனும் தோண்டப் போறாங்கல்ல?"