பங்களா வழி

எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து கொட்டகலை டவுனுக்குச் சைக்கிளில் போக மூன்று வழிகள். நாங்கள் குடியிருக்கும் லயத்து வழி முழுக்கக் கல். ஃபெக்டரி வழி மழையில் வழுக்கும். தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் பங்களா வழிதான் அருமை. ஆனால் பங்களா முன்னால் தொழிலாளர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போகவேண்டும். வெள்ளைக்காரத் துரை போய் உள்ளூர்த் துரை வந்த பிறகும் அதுதான் வழக்கம்.

வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவுக்குச் சைக்கிளில் பால்மா ஏற்றிவந்த அன்று நான் இறங்கவில்லை.

“எறங்கு புள்ள, வேலை போயிரும்!” என்று பங்களா முன்னால் நின்ற கங்காணி கத்தினார்.

“போனா போகட்டுங்க. நான் எறங்க மாட்டேன்.”

வராந்தாவில் இருந்த துரை நிமிர்ந்து பார்த்தார். மறுபடி பேப்பரைப் பிரித்துக்கொண்டார். அவ்வளவுதான்.

இதற்கா இத்தனை வருஷம் இறங்கினோம்! ஆத்திரம் பொங்கியது. மறுநாள் மணியடித்துக்கொண்டே போனேன்.

நல்ல வழி எது என்று இன்று யார் கேட்டாலும் பங்களா வழி என்றுதான் சொல்வேன். ஆனால் இறங்கக் கூடாது.