வெர்னன் மாட்டிய அதிர்வுக் கருவி

ஒஹாயோவில் எங்கள் பக்கத்து வீட்டு வெர்னன், வீட்டுக்கு அடியிலிருந்த நிலவறையைச் சினிமா அறையாக்கினார். படத்தில் குண்டு வெடித்தால் உடம்பே அதிர வைக்கும் கருவி ஒன்றும் வாங்கினார். சிமெண்ட் தரை அதிராதே என்று, அதைத் தலைக்கு மேலிருந்த உத்தரத்தில் திருகாணி போட்டு மாட்டிவிட்டார். அந்த உத்தரத்தின் மேல்தான் அவர் மனைவி லொரேனின் கூடம். புதன்தோறும் அங்கே நாங்கள் பெண்கள் கூடி ஜெபிப்போம். அந்தக் கூட்டம் அவளுக்கு உயிர்.

அந்த வாரப் புதன்கிழமை கீழே வெர்னன் சண்டைப் படம் போட, மேலே ஜெபத்தின் நடுவே நாற்காலிகள் நடுங்கின, காப்பி தளும்பியது.

"அடுத்த வாரத்துலேருந்து எங்க வீட்டுல கூடுவோம்," என்றாள் எங்களில் ஒருத்தியான டோரிஸ்.

லொரேன் முகம் வாடியது. படிக்கட்டில் இறங்கி நின்றாள்.

"வெர்னன், நிறுத்தித் தொலையேன்."

"இங்க ஒண்ணுமே அசையல கண்ணு. இன்னும் கூட்டி வைக்கிறேன்."

"எப்படி அசையும்? உன் குண்டெல்லாம் எங்க காலடியிலதான் வெடிக்குது. கழட்டி உன் சோபாவுக்கு அடியில மாட்டு."

மாட்டினார். கர்த்தருக்கு ஸ்தோத்திரம், அடுத்த புதனும் லொரேன் வீட்டிலேயே கூடினோம்.