நின்றுபோன சத்தம்

எண்பத்தேழாம் ஆண்டு துபாயிலிருந்து திரும்பியதிலிருந்து மரக்காணத்தில் தனியாக இருக்கிறேன். நானே கட்டிய காருக்குப் பெரிய எஞ்சினும் எலக்ட்ரானிக் இக்னிஷனும் மாட்டினேன். உப்புக்காற்று அரித்திருந்த பழைய பிரேக் பைப்பை மட்டும் மாற்றவில்லை.

ஒருநாள், தினமும் ஓட்டிப்போகும் உப்பளச் சாலை வளைவில் பைப் உடைந்து, பிரேக் பிடிக்காமல் கார் உப்புப் பாத்திக்குள் கவிழ்ந்தது. எஞ்சின் அணைந்துவிட்டது. கதவு திறக்கவில்லை. என்னைத் தேட யாருமே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

சற்று நேரத்தில், உப்பு வாரிக்கொண்டிருந்த பெண் ஒருவர் ஓடிவந்து கதவைப் பிடித்து இழுத்தார்.

"டெய்லி கேக்கற காரு சத்தம் படக்குனு நின்னுடுச்சே, அதான் ஓடியாந்தேண்ணா."

பைப்பை மாற்றிவிட்டேன். இப்போதெல்லாம் திரும்பி வரும்போது உப்பளத்தருகே ஒருமுறை ஹாரன் அடிப்பேன். தூரத்தில் ஒரு கை உயரும். அதைப் பார்த்த பிறகே வீட்டுக்குப் போகிறேன்.