கூப்பிட்டால் திரும்பாத வீடு

"பேரைச் சொல்லிக் கூப்பிட்டா திரும்பிப் பாக்குறாளா?" என்று சேலத்து டாக்டர் கேட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. "எங்க ஊட்டுல கூப்பிட்டா யாருமே திரும்ப மாட்டாங்க சார்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. என் மடியில் உட்கார்ந்து என் வளையலைச் சுற்றிக்கொண்டிருந்த மகளுக்கு அப்போது மூன்று வயது முடியச் சில நாட்கள் இருந்தன. பேச்சு வரவில்லை என்றுதான் அவளைக் கூட்டிப்போயிருந்தோம்.

நான் சொன்னது பொய்யில்லை. எடப்பாடியில் எங்கள் சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கம் எட்டு விசைத்தறி ஓடுகிறது. கல்யாணமாகி வந்த புதிதில் என் கணவரை ஒரு நாள் பத்து முறை கூப்பிட்டேன். மனிதர் திரும்பவே இல்லை. கோபித்துக்கொண்டு மத்தியானம் சாப்பிடாமல் படுத்தேன். நான் சாப்பிடாததும் அவருக்குத் தெரியவில்லை. அப்புறம் எனக்கே பழகிவிட்டது. ஆள் வேண்டுமென்றால் கிட்டே போய்த் தோளில் தட்ட வேண்டும், தூரத்தில் இருந்தால் கண்ணில் படுகிற மாதிரி கையாட்ட வேண்டும். மகளையும் அப்படித்தான் வளர்த்தோம். அவள் திரும்பாததை நாங்கள் ஒரு குறையாகவே நினைக்கவில்லை. தறிக்காரர் வீட்டுப் பிள்ளை வேறு எப்படி இருக்கும் என்று இருந்துவிட்டோம்.

வீடு அமைதியாக இருக்கும்போது ஒரு தடவை கூப்பிட்டுப் பாருங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். எங்கள் வீட்டில் அமைதி என்பது மாதத்தில் ஒரு நாள், மின்வாரியத்தார் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்துகிற நாள். அன்றைக்குத் தறி நின்றது. மகள் தரையில் காலி நூல் கட்டைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். பின்னால் நின்று கூப்பிட்டேன். இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட்டேன். தெருவில் போகிறவர் திரும்பிப் பார்த்தார். இவள் பார்க்கவில்லை. ஆனால் பக்கத்து அறையில் நான் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்ததும் எழுந்து வந்து நின்றாள். காது நன்றாகக் கேட்கிறது என்று அப்போது தெரிந்தது. அன்று தரையில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதேன். அவள் என் மடியில் ஒரு கட்டையை வைத்துவிட்டு வரிசையைத் தொடர்ந்தாள்.

ஆட்டிசம் என்று எழுதிக் கொடுத்தார்கள். கூடவே, சீக்கிரம் பயிற்சி தொடங்கவும் சொன்னார்கள். எங்கே தொடங்குவது என்பதுதான் கேள்வியாக இருந்தது.

எங்கள் பக்கம் பள்ளிக்கூடத்துக்குப் பஞ்சமில்லை. சங்ககிரி தாண்டி நாமக்கல் வரை போனால் மைலுக்கு ஒரு பிளெக்ஸ் போர்டு, அதில் மார்க் வாங்கிய பிள்ளைகளின் படங்கள். அந்தப் பள்ளிகளில் ஒன்றின் முதல்வர் எங்களுக்கு நல்ல காப்பி கொடுத்தார். "எங்களுக்கு ரிசல்ட் காட்டியாகணுங்க" என்று ரொம்பத் தன்மையாகச் சொன்னார். எல்கேஜி பிள்ளைக்கு என்ன ரிசல்ட் என்று கேட்க வாய் வரை வந்தது. என் கணவர் என் காலை மிதித்தார். காப்பியைக் குடித்துவிட்டு வந்தோம்.

சேலத்தில் கொண்டப்பநாயக்கன்பட்டிப் பக்கம் ஒரு மாடி வீட்டில் பயிற்சி நடந்தது. நல்ல பெண்கள், நல்ல பயிற்சி. முக்கால் மணி நேரப் பயிற்சிக்குப் போக வர நாலு மணி நேரப் பஸ். மகள் பஸ்ஸில் போகும்போது தூங்கி, பயிற்சியில் தூங்கி, திரும்பி வரும்போது மட்டும் விழித்திருப்பாள். மூன்று மாதத்தில் கண்டக்டர்களுக்குத்தான் அவளைப் பற்றி நிறையத் தெரிந்தது. எந்த ஜன்னல் வேண்டும் என்று கேட்காமலே அவளுக்கு இடம் பிடித்துக் கொடுப்பார்கள்.

இத்தனை அலைச்சலுக்குப் பிறகு ஒரு அங்கன்வாடி டீச்சர் சொல்லித்தான் எங்கள் ஊர் அரசுப் பள்ளி வளாகத்திலேயே வட்டார வள மையம் இருப்பதும், இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பார்க்க ஒரு சிறப்பு ஆசிரியை அங்கே வருவதும் தெரிந்தது. நான் பிறந்ததும் வாக்கப்பட்டதும் ஒரே ஊர், பத்தாவது வரை படித்த பள்ளிக்கூடம் அது. வீட்டிலிருந்து நடக்கிற தூரம். ஊர் உலகமெல்லாம் சுற்றிவிட்டு அந்த வாசலில் போய் நின்றபோது எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த ஆசிரியை மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு எந்தத் தாளெல்லாம் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். வாரம் இரண்டு நாள் தான் பார்ப்பதாகவும், தினமும் போவதற்குச் சங்ககிரி ரோட்டில் ஒரு சின்னச் சிறப்புப் பள்ளி இருப்பதாகவும் சொன்னார். வாடகை வீடு, பதினாலு பிள்ளைகள், நாலு டீச்சர்.

அதற்குள் கோயமுத்தூரில் இருக்கும் என் நாத்தனார் வேறு ஒன்று பார்த்து வைத்திருந்தாள். பிள்ளைகள் தங்கிப் படிக்கிற இடம். அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. "எத்தனை நாளைக்கு அண்ணி இப்பிடிச் சொமந்துட்டுத் திரிவீங்க? ஞாயித்துக்கெழமையானா நான் போய்ப் பாத்துக்கறேன்" என்று அழுதுகொண்டேதான் சொன்னாள். தறியில் ஒரு ஆள் குறைந்தால் அந்தத் தறியில் நிற்பது நான்தான், அது என் கணவருக்கும் தெரியும் எனக்கும் தெரியும். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். சங்ககிரி ரோட்டுப் பள்ளி எடுத்துக்கொண்டால் மகள் வீட்டில் இருப்பாள். இல்லையென்றால் கோயமுத்தூர்.

அந்தப் பள்ளியின் பெரிய டீச்சர் ஒளிவுமறைவு இல்லாதவர். "ஒரு மாசம் பாக்கலாம்மா. நீங்க இல்லாம மூணு மணி நேரம் அவ இருக்கணும். தனக்கு என்ன வேணும்னு ஏதோ ஒரு விதத்துல எங்ககிட்ட சொல்லணும். வார்த்தையில சொல்லணும்னு இல்ல. அது வரலைன்னா அவளுக்குத் தனி ஆள் வேணும். எங்ககிட்ட அத்தனை ஆள் இல்ல" என்றார். சேர்க்கைத் தாளில், கவனிக்க வேண்டிய பழக்கங்கள் என்ற இடத்தில் நானே என் கையால் எழுதினேன்: கையை உதறுவாள், பிடித்துக்கொண்டால் நின்றுவிடும்.

தினமும் அவளை விட்டுவிட்டு எதிரே இருக்கும் டீக்கடைப் பெஞ்சில் உட்காருவேன். வீட்டுக்குப் போங்கள் என்று டீச்சர் சொன்னால் தலையாட்டுவேன், போக மாட்டேன். முதல் வாரம் அழுகைச் சத்தம் ரோட்டுக்குக் கேட்டது. இரண்டாவது வாரம் குறைந்தது. மூன்றாவது வாரம் புதன்கிழமை டீச்சர் என்னை உள்ளே கூப்பிட்டார்.

"இப்பிடிச் சொல்றதுக்குச் சங்கடமா இருக்கும்மா" என்றுதான் ஆரம்பித்தார். கை உதறுவது நாளுக்கு நாள் அதிகமாகிறதாம். பிடித்தால் கடிக்கிறாளாம். அன்றைக்கு ஆயா அம்மாவின் மணிக்கட்டில் பல் பதிந்துவிட்டது. ஆயா அதைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு, "பரவாயில்லீங்க, கொழந்தைதானுங்க" என்றார். அவர் அப்படிச் சொன்னது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. மனதுக்குள் நான் அப்போதே மகளின் துணிகளை மடித்துப் பெட்டியில் வைக்கத் தொடங்கிவிட்டேன்.

டீச்சர் போனில் ஒரு வீடியோவைக் காட்டினார். பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஸ்பீக்கரில் பாட்டு ஓடுகிறது. என் மகள் ஒரு கையை முகத்துக்கு நேரே தூக்கி மணிக்கட்டிலிருந்து படபடவென்று உதறுகிறாள். அவள் பார்வை டீச்சர் முகத்தில் இல்லை, அவருக்குப் பின்னால் சுவரில் இருந்த சுவிட்சு போர்டில் இருந்தது.

அந்தக் கையை நான் ஒரு நாளைக்கு எத்தனை தடவை பார்க்கிறேன் என்று எனக்கே தெரியாது. எங்கள் தறிப் பட்டறையில் இழை அறுந்துவிட்டாலோ, குறுக்கு நூலை இழுத்து ஓடும் நாடா மாட்டிக்கொண்டாலோ, சுவிட்சுக்குக் கிட்டே நிற்கிற ஆளைப் பார்த்து அப்படித்தான் கையை உதறுவார்கள். தறியை நிறுத்து என்று அர்த்தம். யார் காட்டினாலும் உடனே நிறுத்துவோம். காரணம் கேட்கிற பழக்கம் கிடையாது. அதையே என் மகள் காட்டினால் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

"டீச்சர், அந்தப் பாட்டக் கொஞ்சம் போடுங்க" என்றேன். போட்டார். அந்த அறையிலேயே பாயில் உட்கார்ந்திருந்த மகள் கையைத் தூக்கினாள். ஆயா வழக்கம்போல அந்தக் கையைப் பிடிக்கப் போனார். "வேண்டாங்க, உட்ருங்க" என்று சொல்லிவிட்டுப் போய் ஸ்பீக்கரை நிறுத்தினேன். அவள் கை இறங்கி மடியில் வந்து உட்கார்ந்தது. மறுபடி போடச் சொன்னேன். மறுபடி கை எழுந்தது. நிறுத்தினேன், இறங்கியது. எட்டுத் தறிச் சத்தத்தில் தூங்குகிறவளுக்கு அந்த ஒரு ஸ்பீக்கர் ஆகவில்லை. மூன்று வாரமாக நிறுத்துங்கள், நிறுத்துங்கள் என்று சொல்லியிருக்கிறாள். அவள் வாயைப் பொத்துவதுபோல நாங்கள் எல்லோரும் கையைப் பிடித்திருக்கிறோம். நானாக இருந்தால் கடித்ததோடு விட்டிருக்க மாட்டேன்.

என் மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. அவள் திரும்பாததைப் பட்டறை வழக்கம் என்று நினைத்து விட்டுவிட்டேன். பட்டறை வழக்கப்படி அவள் பேசியபோது அதை ஒரு குறையாகச் சேர்க்கைத் தாளில் எழுதிவிட்டேன். இரண்டு தடவையும் மாற்றித்தான் பார்த்திருக்கிறேன்.

டீச்சர் என்னைத் திட்டவில்லை. "எல்லா உதறலும் பேச்சு இல்லம்மா. சந்தோஷத்துலயும் உதறுவா, அது அவளோடது, அதையும் யாரும் பிடிக்க வேண்டாம்" என்றார். பிறகு ஒரு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, "இது மாதிரி உங்க பட்டறையில இன்னும் என்னென்ன இருக்கு?" என்று கேட்டார்.

எனக்குப் பாதிதான் தெரியும். முழுதும் தெரிந்தவர் என் கணவர். அதுவரை அந்தப் பள்ளி வாசலை மிதிக்காதவர், மறுநாள் கல்யாணத்துக்குப் போடுகிற சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். நாலு டீச்சர்களும் ஆயாவும் முன்னால் நாற்காலி போட்டு உட்கார, அவர் வியர்த்துக்கொண்டு நின்று, கையால் காட்டிக் காட்டி ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் சொன்னார். தண்ணீர் வேண்டும். நூல் தீர்ந்துவிட்டது. டீ வந்துவிட்டது. முதலாளி வருகிறார், ஒழுங்காக வேலை பார். கடைசியாகச் சொன்னதற்கு டீச்சர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள், அடுத்த அறையில் பிள்ளைகள் பயப்படுகிறார்கள் என்று பெரிய டீச்சர் சொன்னபோது, "இதுக்கு மேல கொறைக்க வராதுங்க" என்றார். கதவோரம் வந்து நின்ற மகள் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் வேண்டும் என்று அவர் இன்னொரு முறை காட்டியதும் போய்த் தன் பாட்டிலை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தாள். மனிதர் அதைக் குடிக்காமல் அப்படியே வைத்திருந்தார்.

மாதக் கடைசி நாள் வந்தது. அதற்குள் கடிப்பது நின்றிருந்தது. ஸ்பீக்கரை அடுத்த அறைக்கு மாற்றியிருந்தார்கள். தண்ணீரும் டீயும் கேட்கிறாள் என்றார் டீச்சர், பள்ளியில் டீ கிடையாது என்பதை அவள் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லையாம். ஆனால் முடிவை மட்டும் அவர் சொல்லவில்லை. "நீங்க இன்னைக்கும் எதிர்ல பெஞ்சுலதான இருந்தீங்க?" என்று கேட்டார். ஆமாங்க என்றேன். "பாப்பா மூணு மணி நேரம் இருக்குறா. அடிக்கடி ஜன்னல்ல வந்து நீங்க இருக்கீங்களான்னு பாக்குறா. நீங்க இல்லாமலும் இருப்பாளான்னு எனக்குத் தெரியணும். திங்கக்கிழமை நீங்க வீட்டுக்குப் போங்கம்மா. அதப் பாத்துட்டுச் சொல்றேன்."

திங்கட்கிழமை கேட்டுக்குள் அவளை விட்டேன். போய்ட்டு வாரேன் சாமி என்று சொன்னேன், அவள் காதில் விழுந்ததோ இல்லையோ. செருப்பைக் கழற்றி வரிசையில் வைத்தாள். பையை ஆணியில் மாட்டினாள். நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பஸ் வந்து நின்று, ஒருவரும் ஏறாமல் போனது.

மகள் திரும்பி நடந்து வந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கையை, கேட்டுக் கம்பியைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். பிறகு தன் உள்ளங்கையால் தன் நெஞ்சில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, அதே கையை ரோட்டுப் பக்கம் வீசினாள். எங்கள் பட்டறையில் சாயங்காலம் ஆள் மாறும்போது, வருகிறவர் போகிறவருக்குக் காட்டுவது அது. இனி நான் பார்த்துக்கொள்கிறேன், நீ ஊட்டுக்குப் போ.

அர்த்தம் தெரிந்துதான் காட்டினாளா என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. கம்பியை விட்டேன். அடுத்த பஸ்ஸில் ஏறி, பெஞ்சுப் பக்கம் பார்க்காமல் வீட்டுக்குப் போனேன்.